பிலிம் ரோல் விற்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

“அண்ணா, அமெரிக்காக்காரன் கடையில இதே ரோல் எவ்வளவு கம்மியா போட்டிருக்கான் பாருங்க.”

நீங்கள் பிலிம் ரோல் விற்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே யாராவது ஒரு கல்லூரி மாணவர் இப்படி ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புவார். அவர் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. கைக்காசைச் சேர்த்து ஒரு ரோல் வாங்குகிறவர், நியாயமாகத்தான் கேட்கிறார். அவருக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்ல முடிந்தால் இந்த வியாபாரம் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். அதுவரை சரக்கு வாங்க வேண்டாம்.

சென்னையில் வீட்டிலிருந்தபடியே சில வருடங்களாக இணையத்தில் ரோல் விற்று வருகிறேன். தட்டுத்தடுமாறிக் கற்றதைப் புதிதாக வருகிறவர்கள் பின்பற்றக்கூடிய வரிசையில் வைத்து இங்கே எழுதுகிறேன். பிலிமை நேசிப்பவர்கள்தான் இதில் இறங்குகிறார்கள். அந்த நேசம் நஷ்டத்தில் முடிந்துவிடக் கூடாது என்ற கவலையில் எழுதுவது இது.

முதலில்: ரோல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு காலத்தில் நம் ஊட்டியிலேயே பிலிம் தயாரானது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்டது, 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளை ரோலை நம் அப்பா, தாத்தா காலத்து ஸ்டுடியோக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. ஆகவே நீங்கள் விற்கப்போகும் ஒவ்வொரு ரோலும் கடல் தாண்டி வருகிறது. விலையைப் பற்றிய எல்லாக் கணக்கும் இங்கேதான் தொடங்குகிறது.

உலகத்தில் பிலிம் செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கோடாக் பெயரில் வரும் ரோல்கள் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் ஈஸ்ட்மன் கோடாக் ஆலையில் உருவாகின்றன. இல்ஃபோர்டு, கென்ட்மியர் இரண்டும் இங்கிலாந்தின் மோபர்லியில் உள்ள ஹார்மன் நிறுவனத்தின் சரக்கு. ஃபோமா செக் நாட்டிலிருந்து வருகிறது, அந்த நிறுவனம் 1921இலிருந்து இருக்கிறது. ஜப்பானின் ஃபூஜி தன் வகைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. கல்யாணப் படக்காரர்கள் விரும்பிய புரோ 400எச் ரோலை 2021 ஜனவரியில் நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

கோடாக்கில் ஒரு சிக்கல் உண்டு, அதைத் தெரிந்து வைத்திருங்கள். 2012இல் ஈஸ்ட்மன் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதற்குப் பிறகு, 2013இல், புகைப்பட ரோல்களை விற்கும் உரிமை கோடாக் அலாரிஸ் என்ற தனி நிறுவனத்துக்குப் போனது. அதாவது செய்வது ஒருவர், விற்பது இன்னொருவர். 2025 அக்டோபரில் கோடாகலர் 100, 200 ஆகிய ரோல்களை ஈஸ்ட்மன் கோடாக்கே நேரடியாக விநியோகிக்கத் தொடங்கியது. ஒரே பெயர், இரண்டு வழி. மொத்த வியாபாரியிடம் பேசும்போது எந்த வழிச் சரக்கு என்று கேளுங்கள். விலையும் கிடைக்கும் அளவும் அதைப் பொறுத்து மாறும்.

இரண்டாவது: பெரிய கடை எப்படிக் குறைத்து விற்கிறது

நியூயார்க் ஒன்பதாவது அவென்யூவில் இருக்கும் பி அண்ட் எச் 1973இல் தொடங்கிய கடை. கேமரா, லென்ஸ், விளக்கு, கணினி என்று எல்லாமே அங்கே உண்டு. அந்தக் கடலில் பிலிம் ஒரு சிறு வாய்க்கால். ரோல் வாங்க வந்தவர் லென்ஸ் பார்ப்பார், ட்ரைபாட் பார்ப்பார், அடுத்த மாதமும் வருவார். ரோலில் கொஞ்சம்தான் நின்றாலும் அப்படிப்பட்ட கடைக்கு அது தாங்கும். நீங்கள் ரோலை மட்டும் விற்கிறீர்கள். உங்கள் வீட்டு மின்சாரக் கட்டணம் அந்த ரோலிலிருந்துதான் வர வேண்டும்.

அடுத்தது அளவு. சுங்கத்தில் சரக்கை விடுவிக்கும் ஏஜென்ட் ஒரு முறைக்கு 3,000 ரூபாய் வாங்குகிறார் என்று வையுங்கள். நூறு ரோல் இறக்கினால் ரோலுக்கு 30 ரூபாய். பத்தாயிரம் ரோல் இறக்குகிறவருக்கு அதுவே 30 காசு. கப்பல், விமானக் கட்டணம், வங்கிக் கட்டணம், ஆவண வேலை எல்லாவற்றிலும் இதே கதைதான். அவர் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அளவு மட்டுமே போதும்.

மூன்றாவது, திரையில் தெரியும் விலை. அமெரிக்கக் கடைகளில் போட்டிருக்கும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. பணம் கட்டும்போதுதான் அது ஏறும். நம் ஊருக்கு அனுப்பும் செலவும், இங்கே வந்தபின் சுங்க வரியும் அதில் இல்லை. நம் ஊரில் எம்ஆர்பி என்றால் எல்லா வரியும் உட்பட. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியான ஒப்பீடே அல்ல. அந்த மாணவருக்குச் சொல்ல வேண்டிய பதிலில் பாதி இதுதான்.

நம் ஊர் அமேசான், ஃபிளிப்கார்ட் வேறு விதம். வெளிநாட்டு முதலீடுள்ள இணையச் சந்தைகள் தாங்களே சரக்கு வைத்து நேரடியாகச் சில்லறை விற்பனை செய்ய இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. அங்கே ரோல் விற்பவர்களும் உங்களையும் என்னையும் போன்ற விற்பனையாளர்கள்தான், கமிஷனும் அனுப்பும் கட்டணமும் மேலே. அங்கே சில ரோல்களின் விலை வானத்தில் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

விலையில் பெரிய கடையோடு மோதாதீர்கள். ஒரு தடவை ஜெயிக்கலாம், அடுத்த சரக்குக்குக் கையில் பணம் இருக்காது.

மூன்றாவது: அடக்க விலையைப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒரு ரோல் உங்கள் அலமாரிக்கு வந்து சேரும்வரை அதன்மீது ஏறும் எல்லாச் செலவும் சேர்ந்ததுதான் அடக்க விலை. கீழே வரும் எண்கள் கணக்குக் கற்பதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டு அப்படியே செய்து பாருங்கள். சுங்க விகிதம் மாறக்கூடியது. சுங்கத் துறைத் தளத்தில் எச்எஸ்என் (பொருளின் வரி வகை எண்) 3702 என்று தேடினால் ரோல் பிலிமுக்கு அன்றைய விகிதம் என்ன என்று தெரியும்.

நூறு கறுப்பு வெள்ளை ரோல் வாங்குகிறீர்கள். வெளிநாட்டு மொத்த வியாபாரியின் பில்லில் ரோலுக்கு 500 ரூபாய். விமானக் கட்டணமும் காப்பீடும் ரோலுக்கு 60. ஆக 560. சுங்க வரி 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம், 56 ரூபாய். அந்த வரியின்மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், 5 ரூபாய் 60 காசு. இப்போது 621.60. இதன்மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கான ஜிஎஸ்டி, 18 சதவீதம், 111.89. ஏஜென்ட்டுக்கு 30. மொத்தம் 763.49. பில்லில் 500 ரூபாயாக இருந்த ரோலுக்கு உங்கள் கையிலிருந்து போனது 763 ரூபாய்.

நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால், கட்டிய ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அப்போது உண்மையான அடக்க விலை 651.60. சுங்க வரி திரும்ப வராது, அது செலவோடு செலவு.

இதை எல்லா வரியும் உட்பட 900 ரூபாய்க்கு விற்கிறீர்கள். அதற்குள் ஜிஎஸ்டி 137.29 இருக்கிறது. உங்களுக்குச் சேருவது 762.71. அடக்க விலை போக 111 ரூபாய் மிஞ்சுகிறது. அட்டைப்பெட்டி, குமிழித்தாள், ஸ்டிக்கர் 10 ரூபாய். பேமென்ட் கேட்வே 2 சதவீதம் பிடித்தால் 18 ரூபாய். கெட்டுப்போவது, தொலைவது, திரும்பி வருவது ஆகியவற்றுக்காக ரோலுக்கு 15 ரூபாய் ஒதுக்குங்கள், இதை ஒதுக்காதவர்கள்தான் முதலில் கடையைச் சாத்துகிறார்கள். மீதி 68.

இப்போது கூரியர். ஒரே ஒரு ரோல் வாங்கியவருக்கு 70 ரூபாய் கூரியரை நீங்களே ஏற்றுக்கொண்டால் கையிலிருந்து இரண்டு ரூபாய் கொடுத்து வியாபாரம் செய்கிறீர்கள். ஐந்து ரோல் ஒன்றாகப் போனால் கூரியர் 90 ஆகலாம், ரோலுக்கு 18. அப்போது ரோலுக்கு 50 ரூபாய் நிற்கும். இலவச டெலிவரி கொடுக்க ஆசைப்பட்டால் குறைந்தபட்ச ஆர்டர் ஒன்றை வையுங்கள். ஒரு ரோல் கேட்பவரிடம் கூரியர் கட்டணத்தைத் தனியாகக் காட்டி வாங்குங்கள். மறைத்து விலையில் ஏற்றுவதைவிட இது நல்லது. வாங்குகிறவருக்கும் எது எவ்வளவு என்று புரியும்.

இந்த 50 ரூபாய் எத்தனை நாளில் வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. நூறு ரோலில் உங்கள் பணம் சுமார் 76,000 ரூபாய் முடங்கியிருக்கிறது. இரண்டு மாதத்தில் விற்றுத் தீர்ந்தால் வருடத்துக்கு ஆறு சுற்று, 30,000 ரூபாய். பத்து மாதம் இழுத்தால் அந்த 5,000 ரூபாய் கிட்டத்தட்ட பேங்க் டெபாசிட் வட்டிதான். உங்கள் உழைப்புக்குக் கூலியே இல்லை. ரோலுக்கு எவ்வளவு நிற்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக ரோல் நகர்கிறது என்பதைப் பாருங்கள்.

இன்னொன்றையும் இதே கணக்கு சொல்லும். ஒரு ரோல் கெட்டுப்போனால் போவது 650 ரூபாய். அதை மீட்க 13 ரோல் விற்க வேண்டும். கீழே குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு எழுதியிருக்கிறேன் என்பதற்கு இதுவே காரணம்.

நான்காவது: காகித வேலை

இறக்குமதி செய்ய ஐஇசி எனப்படும் இறக்குமதி-ஏற்றுமதி எண் வேண்டும். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிப்படுத்த மறக்காதீர்கள்.

ஜிஎஸ்டி பற்றிப் புதியவர்களுக்கு ஒரு குழப்பம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. மேலே போட்ட கணக்கில் பதிவில்லாதவருக்கு ரோலுக்கு 136 ரூபாய் மிஞ்சும், பதிவு செய்தவருக்கு 111தான். அப்படியானால் பதிவு எதற்கு? பதிவில்லாமல் வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்க முடியாது. பிலிம் வாங்குகிறவர்கள் பெங்களூர், மும்பை, கொச்சி, கவுகாத்தி என்று சிதறிக் கிடக்கிறார்கள். சென்னைக்குள் மட்டும் நூறு ரோலை இரண்டு மாதத்தில் விற்பது கடினம். அந்த 25 ரூபாயை விட்டுக்கொடுத்துதான் நாடு முழுக்கச் சந்தையை வாங்குகிறீர்கள். சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தாலும் மாநிலம் தாண்டி விற்க முடியாது, அதனால் அது நமக்கு உதவாது.

இறக்குமதி செய்த பெட்டிமேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011ஆம் வருடத்துப் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. சின்ன ஸ்டிக்கர் அடித்து ஒட்டினால் போதும். உங்கள் தளத்தில் ரிட்டர்ன் விதிகளும் புகார் சொல்ல ஒருவரின் தொடர்பும் இருக்கட்டும்.

அமெரிக்காவிலிருந்து வரும் மாமாவின் பெட்டியில் ஐம்பது ரோல் கொண்டுவரும் யோசனை எல்லோருக்கும் வரும். பயணிக்கான சலுகை சொந்த உபயோகப் பொருளுக்குத்தான், வியாபாரச் சரக்குக்கு அல்ல. பிடிபட்டால் மாமாவுக்குத்தான் சங்கடம். தவிர, விமானத்தின் அடியில் போகும் பெட்டிகளுக்கான எக்ஸ்ரே வலுவானது, கையில் கொண்டுபோகும் பைக்குப் புதிதாக வந்திருக்கும் சிடி ஸ்கேனரும் பிலிமைக் கெடுக்கும். உங்கள் சொந்த ரோலை எடுத்துப் போகும்போதுகூட கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஐந்தாவது: எதை வாங்குவது

முதல் சரக்கில் மூன்று வகை போதும். விலை குறைவான கறுப்பு வெள்ளை ஒன்று, ஃபோமாபேன் 400 அல்லது கென்ட்மியர் 400. வெயிலுக்கு ஏற்ற கலர் நெகட்டிவ் ஒன்று, கோடாக் கோல்டு 200 மாதிரி. மூன்றாவது இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ். புதிதாகக் கற்பவர்கள், கல்லூரிப் பயிற்சி, வீட்டிலேயே கழுவிப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் எச்பி5 பொருந்தும். வெளிச்சம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் தாங்கும்.

கோடாக்கின் கலர் ரோலான போர்ட்ரா 400ஐ எல்லோரும் கேட்பார்கள், சிலர்தான் வாங்குவார்கள். பத்து ரோல் வைத்துப் பாருங்கள். எக்டாக்ரோம் போன்ற ஸ்லைடு பிலிமை முதல் வருடம் தொடவே வேண்டாம். ரோல் விலை அதிகம், அதற்கான ஈ-6 முறையில் கழுவித் தரும் லேப்கள் மிகக் குறைவு, வாங்கியவர் கழுவ இடமில்லாமல் உங்களையே கேட்பார். பெரிய நெகட்டிவ் தரும், அகலமான ‘120’ வகை ரோலைக் கேட்பவர்கள் எண்ணிக்கை குறைவு என்றாலும் திரும்பத் திரும்ப வருகிறவர்கள். இரண்டாவது சரக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மொத்த வியாபாரி விலை குறைத்துத் தருகிறேன் என்றால் முதலில் எக்ஸ்பயரி தேதியைக் கேளுங்கள். ஆறு மாதத்தில் காலாவதியாகும் சரக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும், பத்து மாதம் இழுக்கும் வகையாக இருந்தால் அது மலிவே இல்லை. காலாவதியான ரோலுக்கென்று தனிச் சந்தை இருக்கிறது. தேதியை மறைக்காமல், எங்கே எப்படி வைத்திருந்தது என்று தெரிந்ததை மட்டும் எழுதி, குறைந்த விலைக்கு விற்கலாம். காலாவதியான பிறகு பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம் கூட்ட வேண்டும் என்று படக்காரர்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. அது கைக்கணக்குதான், உத்தரவாதமாகச் சொல்லாதீர்கள்.

ஆறாவது: குளிர், ஈரம், வெயில்

பிலிமைப் பால் பாக்கெட் மாதிரி நினையுங்கள். தொழில்முறை பிலிமை 13 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது கோடாக். சென்னையில் மே மாதம் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி சாதாரணம். ஆகவே சரக்குக்கென்றே ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும், இது ஆசைக்கு வாங்கும் பொருள் அல்ல. வீட்டுப் பெட்டியில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் ரோல் வைத்தால் அடிக்கடி கதவு திறந்து ஈரம் ஏறும்.

ரோலைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு சிலிக்கா ஜெல் பை ஒன்று வையுங்கள். கடலோர ஊரில் குளிரைவிட ஈரம் பெரிய எதிரி. வெளியே எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காதீர்கள். குறைந்தது ஒன்றரை மணி நேரம் மூடியபடியே வெளியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பிலிம்மேல் நீர் பூக்கும். இதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொரு பார்சலிலும் வையுங்கள்.

ஒவ்வொரு தொகுதிக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: வாங்கிய நாள், பெட்டியில் உள்ள எமல்ஷன் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டுவது), எக்ஸ்பயரி, அடக்க விலை. முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போகட்டும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு ரோலை நீங்களே எடுத்து, கழுவி, ஸ்கேன் செய்து பாருங்கள். 650 ரூபாய் போகிறதே என்று தோன்றும். ஆனால் யாராவது “படம் மங்கலா வந்துச்சு” என்று சொல்லும்போது, அதே தொகுதியில் நீங்கள் எடுத்த படத்தைக் காட்டிப் பேசலாம்.

அனுப்புவதிலும் இதே கவனம் வேண்டும். முதல் கோடையில் வெளியூர்க் கடை ஒன்றுக்கு இருபது கலர் ரோல் அனுப்பினேன். முகவரிக் குழப்பத்தில் பார்சல் மூன்று வாரம் அலைந்து, கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது என் வீட்டுக்கே திரும்பி வந்தது. பிரித்து ஒரு ரோலை எடுத்துப் பார்த்தேன். நிழல்களில் சாம்பல் படிந்த மாதிரி, எல்லாமே பச்சைப் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த இருபதையும் நான் யாருக்கும் விற்கவில்லை. மேலே சொன்ன கணக்குப்படி அதை மீட்க 260 ரோல் விற்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட பழக்கங்கள்: திங்கள், செவ்வாயில் அனுப்புவது, அப்போதுதான் பார்சல் ஞாயிற்றுக்கிழமை குடோனில் கிடக்காது. அனுப்பும் முன் போன் செய்து முகவரியை ஒருமுறை படித்துக் காட்டுவது. ஏப்ரல், மே மாதங்களில் கலர் ரோலுக்கு உள்ளே ஒரு தெர்மோகோல் உறை. குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் அதிவேக பிலிமாக இருந்தால், ஐஎஸ்ஓ 800, 1600, 3200 எல்லாம், முடிந்தவரை தரைவழி. விமானச் சரக்கில் எக்ஸ்ரே உண்டு. மெதுவான பிலிம் ஓரிரு முறை தாங்கிவிடும், வேகமான பிலிமில் சீக்கிரம் தெரியும்.

ஏழாவது: பெரிய கடை விற்காததை விற்கப் பாருங்கள்

ரோலை மட்டும் விற்றால் 50 ரூபாயோடு நின்றுவிடும். சிறு விற்பனையாளரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, சில்லறை. வெளிநாட்டுத் தளத்தில் ஒரு ரோல் வாங்கினால் அனுப்பும் செலவே ரோல் விலையைத் தாண்டிவிடலாம். உங்களிடம் ஒருவர் மூன்று விதமான ரோலை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளை இரண்டு, கலர் ஒன்று, கூடவே குறிப்புச் சீட்டு என்று கட்டி ‘முதல் மூன்று ரோல்’ என்று வையுங்கள். ஒரு பார்சலில் மூன்று ரோல் போவதால் கூரியர் கணக்கும் சரியாகும்.

இரண்டாவது, லேப். உங்கள் ஊரில் கலர் நெகட்டிவை சி-41 முறையில் கழுவித் தரும் லேப் ஒன்றோடு பேசி, ரோலும் கழுவும் கூலியும் ஸ்கேனும் சேர்த்து ஒரே விலை போடுங்கள். இந்த வியாபாரத்தில் சேவையில் நிற்கும் காசு ரோலில் நிற்பதில்லை. கறுப்பு வெள்ளையை நீங்களே வீட்டில் கழுவித் தர முடியும் என்றால் இன்னும் நல்லது. டெவலப்பர், ஃபிக்ஸர் செலவு ரோலுக்குப் பிரித்துப் பார்த்தால் சிறியது, உங்கள் நேரம்தான் பெரிய செலவு. நேரத்துக்குக் கூலி போடத் தயங்காதீர்கள்.

மூன்றாவது, கையால் சுற்றிய ரோல். நூறடி பிலிமைப் பல்க் லோடரில் (வெளிச்சம் படாமல் பிலிமைச் சுற்ற உதவும் கருவி) போட்டுக் காலி கேசட்டுகளில் சுற்றினால் 36 படம் எடுக்கும் ரோல் சுமார் 18 வரும். இல்ஃபோர்டு, ஃபோமா இரண்டும் நூறடிச் சுருளாக விற்கின்றன. பெட்டி விலையை 18ஆல் வகுத்து, கேசட் விலையைச் சேர்த்துப் பாருங்கள், தனி ரோலைவிடக் குறையும். மாணவர்களுக்கு மலிவாகக் கொடுக்க இதுவே வழி. லோடரில் சுற்றும்போது கடைசி முனை வெளிச்சம் பட்டே தீரும், அதனால் ஒன்றிரண்டு படம் வீண். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சினிமா பிலிம் சுற்றுவது இன்னும் கவர்ச்சியானது. கோடாக் விஷன்3 நானூறு அடிச் சுருள் ஒன்றில் வீணாவது போக எழுபது ரோல் வரை எடுக்கலாம். ஆனால் இங்கே பொறுப்பு அதிகம். இந்த பிலிமின் முதுகில் வெகுகாலமாக ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருந்தது. தெரியாமல் சாதாரண சி-41 இயந்திரத்தில் போட்டால் கரி ரசாயனத்தில் கலந்து, அதே இயந்திரத்தில் வரும் அடுத்தவர்கள் ரோலையும் கெடுக்கும். 2025இல் கோடாக் ரெம்ஜெட் இல்லாத விஷன்3யைக் கொண்டுவந்திருக்கிறது. சந்தையில் இப்போது இரண்டும் கலந்து கிடக்கிறது. நீங்கள் சுற்றிய கேசட்மேல் எந்த பிலிம், ரெம்ஜெட் உண்டா இல்லையா, சினிமா பிலிமுக்கான ஈசிஎன்-2 முறையில் கழுவ வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். யாரோ ஒருவருடைய கல்யாண ரோல் அதே இயந்திரத்தில் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

கேசட்டுக்கு உங்கள் சொந்தப் பெயர் வையுங்கள். வேறு நிறுவனத்தின் முத்திரையை, அது பிரபலப்படுத்திய பெயரை ஒட்டாதீர்கள். 2023இல் அமெரிக்காவில் சினிஸ்டில் நிறுவனத்தின் ‘800டி’ என்ற பெயரைச் சிறு விற்பனையாளர்கள் பயன்படுத்தியதை ஒட்டி வணிக முத்திரைச் சர்ச்சை எழுந்தது.

நான்காவதும் முக்கியமானதும், பதில் சொல்வது. “அண்ணா, தாத்தாவோட கேமரா கிடைச்சிருக்கு, என்ன ரோல் போடணும்?” என்று இரவு பத்து மணிக்கு மெசேஜ் வரும். கேமராவின் படம் கேளுங்கள். லைட் மீட்டர் வேலை செய்கிறதா, வெளிச்சம் புகாமல் தடுக்கும் பின்கதவு ஸ்பாஞ்ச் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பாஞ்ச் உதிர்ந்த கேமராவில் விலை உயர்ந்த கலர் ரோலைப் போட வேண்டாம், முதலில் மலிவான கறுப்பு வெள்ளை போட்டுச் சோதியுங்கள் என்று சொல்லுங்கள். அன்றைக்கு உங்களுக்கு விற்பனை குறையும். அந்தப் பையனின் முதல் ரோலில் படம் விழும். அடுத்த ரோலுக்கு அவன் எங்கே வருவான் என்று உங்களுக்கே தெரியும்.

எட்டாவது: அடுத்த சரக்கு

கையில் முப்பது ரோல் இருக்கும்போதே அடுத்த ஆர்டரைப் போட வேண்டும். ஆர்டர் போட்டதிலிருந்து சுங்கம் தாண்டி வீடு வரச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் அலமாரி காலியானால் வழக்கமாக வாங்குகிறவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார்.

இங்கேதான் பலர் விலையில் தவறு செய்கிறார்கள். பழைய அடக்க விலையை வைத்து விற்பார்கள். பிலிம் விலை 2020க்குப் பிறகு பலமுறை ஏறியிருக்கிறது. டாலரும் சும்மா இருக்கவில்லை: 2020 தொடக்கத்தில் 71 ரூபாய் அளவில் இருந்தது, 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. நூறு ரோலை விற்ற பணத்தில் மறுபடி நூறு ரோல் வாங்க முடியவில்லை, தொண்ணூறுதான் வந்தது என்றால், ஏட்டில் லாபம் எழுதியிருந்தாலும் உங்கள் கைமுதல் கரைந்திருக்கிறது. அதனால் மொத்த வியாபாரியின் புதிய விலைப்பட்டியல் வந்த அன்றே புதிய அடக்க விலையைப் போட்டு, உங்கள் விலையை அதை வைத்து நிர்ணயிக்கப் பாருங்கள். விலை ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்குகிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பழைய விலைக்கு வாங்க விரும்புகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள், உங்களுக்கும் அடுத்த ஆர்டருக்குப் பணம் சேரும்.

அந்த மாணவருக்கு நான் இப்போதெல்லாம் கணக்கையே அனுப்பிவிடுகிறேன். பில் விலை இவ்வளவு, விமானம் இவ்வளவு, சுங்கம் இவ்வளவு, ஜிஎஸ்டி இவ்வளவு, எனக்கு நிற்பது இவ்வளவு என்று ஒரே பக்கத்தில். போன மாதம் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “சரி அண்ணா, அப்போ நாங்க நாலு பேர் சேர்ந்து பத்து ரோலா எடுத்துக்குறோம், கூரியரைப் பிரிச்சுக்கலாம்ல?” என்று கேட்டார். பத்து ரோல், ஒரே பார்சல், திங்கட்கிழமை காலையில் அனுப்பினேன்.